சோளனில் சேனாப் புழு: நூற்புழுவைச் சூட்டில் காப்பாற்றுவது எப்படி?

கந்தளாய், தம்பலகாமம் பக்கம் சோளன் செய்பவர்களும் ஆய்வுகூட அனுபவம் உள்ளவர்களும் கொஞ்சம் பாருங்கோ.

சோளன் குருத்துக்குள் இருந்து தின்னும் சேனாப் படைப்புழுவுக்கு எதிராக, பூச்சியின் புழுவுக்குள் புகுந்து அதைக் கொல்லும் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்ற மிகச் சிறிய நூற்புழுவை மெழுகு அந்துப்பூச்சியின் புழுவில் வளர்க்கிறோம். தொற்றிய புழு இரண்டொரு நாளில் செத்து செங்கல் நிறமாகும், அதுதான் அடையாளம். கறுத்து நாறினால் வேறு பக்டீரியா புகுந்துவிட்டது, எறிய வேண்டியதுதான்.

வளர்ப்பதில் பிரச்சினை இல்லை, வைத்திருப்பதில்தான். இது வெப்ப நாட்டு இனம். ஃபிரிட்ஜின் 4 பாகைக் குளிரை அது தாங்காது, ஏறக்குறைய 15 பாகை வேண்டும். றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போத்தல் வைத்தால் வெப்பநிலை ஏறி இறங்குகிறது. மின்வெட்டிலும் 15இல் நிற்கும் மலிவான ஏற்பாடு யாரிடமாவது உண்டா?

மற்றது, குருத்துக்குள் ஈரம். ஏக்கருக்கு 100 கோடி நூற்புழு என்ற கணக்கில், மாலை ஐந்துக்குப் பிறகு, நொசிலின் வடியைக் கழற்றி, டாங்கியைக் குலுக்கிக் குலுக்கி (இல்லாவிட்டால் எல்லாம் அடியில் படிந்துவிடும்) குருத்துக்குள்ளேயே ஊற்றுகிறோம். ஆனால் கச்சான் காற்று வீசும் நாட்களில் புழுவைத் தேடிப் போகுமுன்பே நூற்புழு காய்ந்துவிடுகிறது. சாந்தன் கோந்து (தண்ணீரைத் தடிப்பாக்கும் தூள்) கலந்தால் ஈரம் நிற்கும். கூடினால் நொசில் அடைக்கும். லீற்றருக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள்? குளோரின் கலக்காத கிணற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறோம்.

செய்து பார்த்தவர்கள் அளவோடு எழுதுங்கோ.