ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்: பி.இ. படித்தவர் தடுமாறும் இடங்கள்

மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவதுதான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவரிடம் 10 ஹெச்.பி. மோட்டார் பேனலைக் கொடுத்து ஓவர்லோடு ரிலேயை, அதாவது கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் சாதனத்தை, செட் பண்ணச் சொல்லுங்கள். நேம்பிளேட்டில் 14 ஆம்ப்ஸ் என்று இருக்கும். டயலையும் 14-ல் வைப்பார். தப்பு. பெரும்பாலான ஸ்டார்ட்டர்களில் ரிலே மெயின் கான்டாக்டருக்கு (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சு) கீழே, மோட்டாரின் செம்புச் சுருளான வைண்டிங்குக்குப் போகும் வயரில் இருக்கும். டெல்டாவில் அதில் ஓடுவது லைன் கரண்டில், அதாவது சப்ளையிலிருந்து வரும் மொத்த கரண்டில், 0.58 பங்கு (1/ரூட் 3), அதாவது 8 ஆம்ப்ஸ். 14-ல் வைத்தால் லைனில் 24 ஆம்ப்ஸ் தாண்டிய பிறகுதான் ரிலே அசையவே யோசிக்கும். அதற்குள் வைண்டிங் கருகிவிடும். ரூட் 3 அவருக்கு மனப்பாடம்தான். அது இந்த டயலில் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

—

ஒரு சின்னத் திருத்தம். ரிலேயை லைன் பக்கமே போட்ட பேனல்களும் உண்டு, அங்கே 14 சரி. முதலில் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்கணும்.

இன்னொன்று: ஸ்டாரில் நன்றாக ஓடி, டெல்டாவுக்கு மாறியதும் மோட்டார் சத்தமில்லாமல் நின்றுபோனால் ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றும் டைமரைக் கழற்றாதீர்கள். மூன்று வைண்டிங்குகளின் முனைகள்தான் யூ1-யூ2, வி1-வி2, டபிள்யூ1-டபிள்யூ2. யூ1-க்கும் யூ2-க்கும் ஒரே ஃபேஸ் போயிருக்கும், மற்ற இரண்டிலும் அதே கதை. டெல்டாவில் யூ1-டபிள்யூ2, வி1-யூ2, டபிள்யூ1-வி2 என்று ஜோடி சேர வேண்டும்.

—

லக் அடிப்பதை, அதாவது வயர் முனையில் உலோக மூடியை அழுத்திப் பொருத்துவதை, யாரும் சொல்லவில்லையே! முக்கால்வாசிக் கோளாறு அங்கேதான். 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயருக்கு 4 ஸ்கொயர் லக், அதே அளவு டை (அச்சு) உள்ள கிரிம்பிங் டூல். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. இன்சுலேஷனை லக் குழாயின் நீளத்துக்கு மட்டும் உரிக்கணும். கூட உரித்தால் செம்பு வெளியே தெரியும், குறைத்தால் பி.வி.சி. உள்ளே மாட்டி லூஸாகும். உரிக்கும்போது நாலு இழை அறுந்தால் வெட்டிவிட்டு மறுபடி உரிக்கணும். அடித்ததும் இழுத்துப் பார்க்கணும். லூஸ் இணைப்பு சூடாகும், சூட்டில் செம்பு கறுக்கும், கறுத்தால் இன்னும் சூடு, கடைசியில் ஒரு ஃபேஸ் போய் மோட்டார் ரெண்டு ஃபேஸில் உறுமும்.

—

பி.இ. படித்தவரைக் குறை சொல்லி, கைவேலை கற்ற ஐ.டி.ஐ. ஆட்களை மட்டும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். டிரிப் ஆகிறதே என்று டயலை 8-லிருந்து 10-க்கு ஏற்றுவது பழைய கைகளின் வியாதி. முதலில் வயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸையும் அளக்கணும். ஒன்று சுழி, மற்ற இரண்டும் ஏறியிருந்தால் ரிலே தன் வேலையைத்தான் பார்த்திருக்கிறது; ஃபியூஸையும் அந்த லக்கையும் பாருங்கள்.