மனந்திரும்பியவர் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

ஒட்டுசுட்டான்வாசி:
எங்கள் ஊர்ச் சபையில் ஒருவர் சாட்சி சொன்னார். போர் முடிந்து 2010இல் முதலில் மீள்குடியேறியவர்களில் அவரும் ஒருவர். மற்றச் சனம் செட்டிக்குளம் அகதி முகாமில் இருந்த நேரம், ஆளில்லாத வளவுகளில் கிடந்த தண்ணீர்ப் பம்பிகளையும் கூரைத் தகரங்களையும் கழற்றி விற்றாராம். "ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்" என்று அழுதார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. பம்பியைப் பறிகொடுத்த ஒருவர் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறார். அவரிடம் இவர் இன்னும் போகவில்லை. இது மனந்திரும்புதலா?

கிருபைமட்டும்:
சகோதரனே, அவருடைய கண்ணீரை எடைபோட நாம் யார்? பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிக்கிறார் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. கடனைத் தீர்த்துவிட்டு வா என்று அங்கே இல்லை. சிலுவையில் தொங்கிய கள்ளன் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தான்? அன்றைக்கே அவனுக்குப் பரதீசு கிடைத்தது. கூலிவேலைக்குப் போகிற மனுசன் எல்லாப் பம்பிக்கும் காசு சேர்த்த பிறகுதான் ஆண்டவரிடம் வரலாம் என்றால் யார்தான் வருவது?

மடுப்பாதை:
அந்தக் கள்ளனுடைய கைகள் சிலுவையில் இருந்தன தம்பி. அவனிடம் மிஞ்சியது வாய் மட்டும். அதால் தன் குற்றத்தை ஒத்துக்கொண்டான், மற்றவனைக் கண்டித்தான். கைகால் சுகமாக உள்ள ஆளுக்கு அவனை உதாரணம் காட்டாதீர்கள். லூக்கா 19இல் சக்கேயுவைப் பாருங்கள். இயேசு கேட்காமலே, பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நான்கு மடங்காக என்றார். எண்ணிக்கை 5:7 இன்னும் தெளிவு: குற்றத்தை அறிக்கையிடு, முழுவதையும் கொடு, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு.

கிருபைமட்டும்:
அக்கா, சகேயு மரத்தில் இருக்கும்போதே இயேசு அவன் வீட்டில் தங்குவேன் என்றுவிட்டார். கொடுத்தது அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் சுவிசேஷமே மாறிவிடும். சரி, உங்கள் கத்தோலிக்கப் பக்கம் என்ன நடக்கிறது? தவக்காலக் கடைசியில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை), மூன்று 'அருள் நிறைந்த மரியே', பாஸ்காவுக்கு நற்கருணை. பக்கத்துக் காணிக்குள் தள்ளிப் போட்ட வேலி அப்படியே நிற்கும். விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான் 1517இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வைத்த 95 கருத்துகளில் முதலாவது.

மடுப்பாதை:
அப்படிச் செய்கிறவர்கள் திருச்சபை சொன்னதைச் செய்யவில்லை. மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் மூன்றும் வேண்டும். பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும், ஆனால் அது உண்டாக்கிய கேட்டையெல்லாம் சரிசெய்யாது, களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1459ஆம் பகுதியே சொல்கிறது. லூத்தர் சொன்ன அந்த வாழ்நாளுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் வரமாட்டாரா?

பனங்கூடல்:
நான் பம்பி பறிபோன வீட்டுப் பிள்ளை, வேறு ஊர். திரும்பி வந்தபோது கிணறு இருந்தது, பம்பி இல்லை. அந்தப் போகம் முழுவதும் அம்மா வாளியால் அள்ளித்தான் மிளகாய்க் கன்றுக்கு ஊற்றினார். கையெல்லாம் கொப்புளம். எடுத்தவரைக் கடவுள் மன்னித்திருக்கலாம். அம்மாவிடம் இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறதே. மைக் பிடித்துச் சாட்சி சொல்வது அதற்குப் பிறகு வரட்டும்.

கிருபைமட்டும்:
தங்கச்சி, அந்த ஆள் உங்கள் அம்மாவிடம் வரத்தான் வேண்டும். நான் அதை ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்னும் வராதவனை மன்னிக்கப்படாதவன் என்று சொல்ல என் வாய் வராது. போனால் அடிபாடு, பொலிஸ் என்று அவன் பயப்படலாம். உள்ளே தொடங்கியதை ஆண்டவர் முடிப்பார்.

மடுப்பாதை:
பயம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சுவாமியார் எவரிடமும் சொல்ல முடியாது. ஆளின் பெயர் தெரியாமல் அவர் மூலம் காசைச் சேர்ப்பிக்கலாம். உரியவர் இறந்திருந்தால் பிள்ளைகளுக்கு, யாரும் இல்லையென்றால் ஏழைகளுக்கு. ஒரேயடியாக முடியாவிட்டால் மாதாமாதம் கொஞ்சம். ஒட்டுசுட்டான் தம்பி, உங்கள் சபைப் பாஸ்டரிடம் ஒன்று கேளுங்கள்: எந்த வளவில் எதைக் கழற்றினார் என்று அந்த மனுசனோடு இருந்து எழுதி, முதல் வீட்டுக்கு அவரோடு கூடப் போக அவர் தயாரா?