மறுமொழி: ‘சுயபரிசோதனை’ வேண்டாம், ‘தானெடு மாதிரி’ இருக்கட்டும்

அண்ணாச்சி, வணக்கம்.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் பெண்ணே மாதிரி எடுத்துக் கொடுப்பதை, துண்டறிக்கைக்கான தமிழாக்கத்தில் ‘சுயபரிசோதனை’ என்று போட்டிருக்கிறீர்கள். சொல் எளிதுதான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் துண்டறிக்கைக்கு அது ஆகாது. மார்பகத்தைத் தடவிப் பார்க்கும் சுயபரிசோதனையை நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அதில் பார்ப்பதும் அவள், கட்டி தட்டுப்படுகிறதா என்று சொல்வதும் அவள். இங்கே, சின்ன பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்தது. அதில் வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்ப்பது ஆய்வகம். ‘நானே பாத்துட்டேன், ஒண்ணுமில்ல’ என்று முக்கூடலில் ஒருத்தி வீட்டோடு இருந்துவிட்டால் பழி நம் சொல்லுக்குத்தான்.

‘கருப்பைவாய்ச் சுயமாதிரி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது உடற்கூறுப்படியே தவறு. பிரஷ் கருப்பைவாயைத் தொட வேண்டியதில்லை. யோனிக்குள் சுழற்றினாலே போதும், அங்கே உதிர்ந்து கிடக்கும் செல்களில் வைரஸ் அகப்பட்டுவிடும். அதனால்தான் மருத்துவர் எடுப்பதற்கு ஏறக்குறைய இணையாக, வைரஸின் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில், இது வேலை செய்கிறது. செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனைக்கு இப்படி எடுத்த மாதிரி உதவாததும் அதனால்தான்: அங்கே கருப்பைவாய்ச் செல்லையே பார்க்க வேண்டும். தொற்று இருப்பதாக வந்தால் அவள் நேரில் வந்து கருப்பைவாயைக் காட்டியே ஆகவேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு ‘தானெடு மாதிரி’. எடுப்பது யார் என்பது மட்டும் அதில் இருக்கிறது, சோதிப்பது யார் என்று அது வாயே திறக்கவில்லை. ‘மாதிரி’ என்றால் நம்மூரில் ‘போல’ என்றல்லவா கேட்கும் என்பீர்கள். கேட்கும்தான். ஆனால் கொரோனாவில் ‘சளி மாதிரி எடுத்தாச்சா’ என்று ஊரே பேசியது, அந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிட்டது.

அறிகுறி இல்லாதபோதே சோதித்துப் பார்ப்பதைச் சொல்லும் ‘ஸ்கிரீனிங்’ என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம். ‘திரையிடல்’ என்றால் பாளையங்கோட்டையில் சினிமா போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அதைவிட முக்கியம், முடிவுச் சீட்டில் என்ன எழுதுவது. ‘புற்றுநோய்ப் பரிசோதனை: பாசிட்டிவ்’ என்று தயவுசெய்து வேண்டாம். ஹெச்.பி.வி. தொற்று பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானே போய்விடும். போகாமல் தங்கிய சிலருக்கே, அதுவும் பெரும்பாலும் 15, 20 வருஷம் கழித்து, புற்று. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 ஆம் வகைகள் வந்தால்கூட அது கிருமி இருப்பதற்கான செய்திதான். ‘வைரஸ் உண்டு, நேரில் பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் போதும். மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிற பெண்ணுக்கு ஒருநாள் கூலியை விட்டு ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வரக் காரணம் தெரிய வேண்டும், வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது.

கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ. முறைக்கு நம் செவிலியர்கள் ‘வி.ஐ.ஏ.’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், அதைத் தொட வேண்டாம்.

துண்டறிக்கைக்கு ஒரு வரி, திருத்தித் தாருங்கள்: ‘30 வயது ஆச்சா? தானெடு மாதிரி கொடுங்கள். எடுப்பது நீங்கள், பார்ப்பது ஆய்வகம், முடிவைச் சொல்வது நர்சம்மா.’