‘நிராகரி’ அழுத்தியும் குக்கி விழுந்த தளங்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

வலைத்தச்சர்

ஜெர்மனியில் அறைகலன் விற்கும் ஒரு கடையின் தளம். வேர்ட்பிரஸ், குக்கி (தளம் பிரவுசரில் வைக்கும் சிறு தரவு) வைக்க அனுமதி கேட்கும் ஒப்புதல் பேனர் பிளகின், வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ். பேனரில் ‘ஏற்கிறேன்’, ‘நிராகரி’ இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து, எஃப்12 தட்டி, அப்ளிகேஷன் டேபில் குக்கிப் பட்டியலைப் பார்த்தால், பேனரைத் தொடவே இல்லை, அடிக்கோட்டில் தொடங்கும் ‘ஜிஏ’ என்ற அனலிட்டிக்ஸ் குக்கி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு வரி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

காரணம் பக்கக் கேஷ் (ஒருமுறை உருவான பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கும் அதையே கொடுப்பது). அந்த பிளகின், ஒப்புதல் தந்தவருக்கு ஸ்கிரிப்ட் உள்ள பக்கம், தராதவருக்கு இல்லாத பக்கம் என்று சர்வரிலேயே பிரித்துக் கொடுக்கிறது. அதற்கு மேல் கேஷ் பிளகின் ஒன்று. கேஷ் காலியாக இருந்த நேரத்தில் முதலில் வந்தவர் ஏற்கெனவே ஒப்புதல் தந்தவர். அவருக்காக உருவான பக்கம் கேஷில் போய் உட்கார, அடுத்து வந்த எல்லோருக்கும் அதுவே போனது. கேஷைக் காலி செய்து சோதித்தால் சரியாக இருக்கும், சில மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும். அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் பிடிபடவில்லை.

தடுப்பதை பிரவுசரில் செய்ய வேண்டும். ஸ்கிரிப்ட் டேகின் ‘டைப்’ மதிப்பை ‘டெக்ஸ்ட்/பிளெயின்’ என்று மாற்றினால் பிரவுசர் அதை ஓட்டாது. ஒப்புதல் வந்த பிறகு பேனரின் நிரல் அதே ஸ்கிரிப்ட்டைப் புதிதாக உருவாக்கிச் சேர்க்கும். இப்படிச் செய்தால் எல்லோருக்கும் ஒரே எச்டிஎம்எல் போகிறது, கேஷ் இருந்தாலும் கவலையில்லை.

டேக்_நாடி

கேஷ்தான் காரணம் என்று முடித்துவிடாதீர்கள். கூகுள் டேக் மேனேஜர் (கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டுகளை ஏற்றும் கருவி) வைத்த தளங்களில் பெரும்பாலும் வரிசைதான் தவறு. ஒரு தளத்தில் பேனர் ஸ்கிரிப்ட் ஃபுட்டரில், டேக் மேனேஜர் துண்டு ஹெட்டில். பேனர் ‘மறுப்பு’ என்ற தொடக்க நிலையைச் சொல்வதற்குள் அனலிட்டிக்ஸ் ஓடி முடிந்துவிட்டது. நெட்வொர்க் டேபில் ‘கலெக்ட்’ (அனலிட்டிக்ஸுக்குத் தரவு போகும் முகவரி) என்று வடிகட்டிப் பார்த்தால், பேனர் திரையில் வருவதற்கு முன்பே கோரிக்கை போயிருக்கிறது.

சரியான வரிசை: முதலில் கன்சென்ட் டீஃபால்ட் (கூகுளின் கன்சென்ட் மோடில் ஒப்புதலின் தொடக்க நிலை), நான்கு குறிகளும் ‘டினைட்’, அதாவது மறுப்பு (விளம்பரச் சேமிப்பு, அனலிட்டிக்ஸ் சேமிப்பு, விளம்பரப் பயனர் தரவு, விளம்பரத் தனிப்பயனாக்கம்). அதன் பிறகே டேக் மேனேஜர் துண்டு. டேக் மேனேஜருக்குள்ளேயே பேனரை வைத்திருந்தால் அதற்கு ‘கன்சென்ட் இனிஷியலைசேஷன்’ ட்ரிகர் (எப்போது ஓட வேண்டும் என்ற அமைப்பு) கொடுக்க வேண்டும். ‘ஆல் பேஜஸ்’ கொடுத்தால் மற்ற டேகுகளோடு அதுவும் போட்டியில் நிற்கும். பேனர் தாமதமாக ஏறினால் ‘வெயிட் ஃபார் அப்டேட்’ (ஒப்புதல் நிலைக்காக டேக் காத்திருக்கும் நேரம்) 500 மில்லிசெகண்ட் வைக்கலாம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. கன்சென்ட் மோடின் அட்வான்ஸ்டு மோடில் பயனர் மறுத்தாலும் குக்கி இல்லாத பிங் (சிறு கோரிக்கை) கூகுளுக்குப் போகும், ஐபி முகவரியும் கூடவே. ‘மறுத்தால் எதுவும் அனுப்பமாட்டோம்’ என்று பேனரில் எழுதிவிட்டு இந்த மோடை வைப்பது பொய் சொல்வதுதான். அப்படி எழுதியிருந்தால் பேசிக் மோடுக்கு மாறுங்கள். ஒப்புதல் வரும்வரை டேகே ஏறாது.

கோடுகாரி

எழுத்துருவை யாரும் சொல்லவில்லையே. மியூனிக் மாநில நீதிமன்றம் 2022 ஜனவரி 20 அன்று கூகுள் ஃபான்ட்ஸை (கூகுள் சர்வரிலிருந்து வரும் எழுத்துரு) தளத்தில் வைத்ததற்காக 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்கே குக்கியே கிடையாது, பார்வையாளரின் ஐபி கூகுளுக்குப் போனதுதான் தவறு. அதன் பிறகு எச்சரிக்கைக் கடிதங்கள் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அலையலையாகப் போயின.

ஒரு உணவகத் தளத்தில் எழுத்துருக் கோப்புகளை இறக்கிச் சொந்த சர்வரிலேயே வைத்துவிட்டார்கள், தீம் சுத்தமாக இருந்தது. ஆனால் தொடர்புப் பக்கத்தில் மட்டும் கூகுள் எழுத்துருக் கோரிக்கை. வரைபடம்! அந்த எம்பெட் தனக்கான ரோபோட்டோ எழுத்துருவைத் தானே வரவழைக்கிறது. முகப்பை மட்டும் சோதித்து ‘முடிந்தது’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வரைபடம், காணொளி, ரீகேப்சா (மனிதரா என்று சோதிக்கும் கூகுள் கருவி) இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பக்கங்களைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். வரைபடத்துக்கு ஒரு படம் வைத்து, சொடுக்கினால் ஏறும்படி செய்தால் போதும்.

மேகலை_தரவு

மேலே எல்லோரும் குக்கி விழுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நீக்கப் போனதில் பார்த்தது இது: ஒரு பயண முன்பதிவுத் தளம், அமைப்புகளில் அனலிட்டிக்ஸை அணைத்தால் பொத்தான் சாம்பல் நிறமாகிறது, குக்கி அப்படியே இருக்கிறது. நிரலில், குக்கி அழிய வேண்டும் என்று அதன் காலாவதி தேதியை 1970-க்குத் தள்ளியிருக்கிறார்கள், ஆனால் டொமைன் பண்பு இல்லை. குக்கி வைக்கப்பட்டது தாய் டொமைனில். டொமைனும் பாத்தும் (தளத்துக்குள் உள்ள பாதை) அச்சு அசலாகப் பொருந்தாவிட்டால் பிரவுசர் அதை வேறொரு குக்கியாகவே எடுத்துக்கொள்ளும், பிழைச் செய்தியும் வராது. எச்டிடிபி-ஒன்லி குக்கியை ஜாவாஸ்கிரிப்ட்டால் தொடவே முடியாது, சர்வர்தான் அழிக்க வேண்டும். மற்றவர் டொமைனில் உள்ளதை நம்மால் அழிக்க இயலாது, அந்த ஸ்கிரிப்ட் இனி ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

ஜிடிபிஆர் (ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) 7(3) தெளிவாகச் சொல்கிறது: தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். ஆகவே ஃபுட்டரில் எல்லாப் பக்கத்திலும் ‘குக்கி அமைப்புகள்’ இணைப்பு இருக்கட்டும். தனியுரிமைக் கொள்கையின் பதினைந்தாவது பத்தியில் புதைக்காதீர்கள்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் பேனர் போடுபவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் தேவையில்லாதவை மிகச் சில: கூடை, லாகின் செஷன், படிவப் பாதுகாப்பு டோக்கன், ஒப்புதல் தேர்வை நினைவில் வைக்கும் குக்கி. குக்கிக்குப் பதில் லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசரின் இன்னொரு சேமிப்பிடம்) வைத்தால் சட்டம் பொருந்தாது என்பது தவறு. இ-பிரைவசி நெறிமுறையின் 5(3) பயனரின் கருவியில் எதைச் சேமித்தாலும், எதைப் படித்தாலும் பொருந்தும். முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பிளானட்49 வழக்கில் 2019 அக்டோபர் 1 அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டது. குக்கியின் ஆயுளையும், மூன்றாம் தரப்பு அதை அணுகுமா என்பதையும் சொல்லச் சொன்னதும் அதே தீர்ப்புதான். ஏற்க ஒரு சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு வைத்ததற்காக 2021 டிசம்பர் 31 அன்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. பதிவேடும் வேண்டும், ஒப்புதல் பெற்றதை நிரூபிக்க வேண்டியது தள உரிமையாளர்தான். தற்செயல் எண் ஒன்று, நேரம், வகைவாரியான தேர்வு, அன்று காட்டிய பேனர் வாசகத்தின் பதிப்பு எண். இந்த நான்கு போதும். முழு ஐபி-யைச் சேமித்தால் அந்தப் பதிவேடே புதிய தலைவலி.

சென்னை_ஹோஸ்ட்

இதெல்லாம் ஐரோப்பா. இங்கே உள்ள தளங்களுக்கு எதற்கு?

மேகலை_தரவு

ஐரோப்பியப் பார்வையாளரைக் குறிவைத்து விற்றாலோ, அவர் நடத்தையைக் கண்காணித்தாலோ, சர்வர் எங்கிருந்தாலும் ஜிடிபிஆர் வரும். இந்தியாவிலும் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதில் ‘குக்கி’ என்ற சொல்லைத் தேடாதீர்கள், தனிநபர் தரவு எடுத்தாலே பொருந்தும். ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும், தமிழ் அதில் இருக்கிறது. ஆங்கில வாசகத்தை மட்டும் வைத்து வடிவமைத்த பேனரில் தமிழ் வாசகத்தைப் போட்டால் மொபைலில் ‘நிராகரி’ திரைக்குக் கீழே போய்விடுகிறது. 360 பிக்சல் அகலத்தில் திறந்து பாருங்கள்.

டேக்_நாடி

@வலைத்தச்சர் கேஷ்தான் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?

வலைத்தச்சர்

கேஷைக் காலி செய்து, ஒரு பிரவுசரில் ‘ஏற்கிறேன்’ அழுத்தி அதே பக்கத்தை மறுபடி ஏற்றியது. உடனே டெர்மினலில் குக்கி எதுவும் அனுப்பாமல் ‘கர்ல்’ (கட்டளை வழியே பக்கத்தை வாங்கும் கருவி) மூலம் அதே முகவரியை வாங்கி, வந்த எச்டிஎம்எல்-லில் அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்ட்டைத் தேடியது. இருந்தது. முகவரியின் கடைசியில் ஒரு தற்செயல் அளவுரு சேர்த்து மறுபடி வாங்கினால் இல்லை. இரண்டு பதிலின் ஹெடரையும் ஒப்பிட்டால் முதலில் ‘ஹிட்’ (கேஷிலிருந்து வந்தது), இரண்டாவதில் ‘மிஸ்’ (புதிதாக உருவானது).