டீசல் ஊறிய மண்ணை பக்டீரியா திருத்துமா?

கல்லடிவாசி: பக்கத்துக் கராஜால எங்கட வளவு மணலில் டீசல் ஊறிக் கிடக்கிறது, கிணறும் கிட்டத்தான். டீசலில் இருக்கிற பென்சீன், டொலுயீன் என்ற நச்சுச் சேர்மங்களை எல்லாம் பக்டீரியா தின்னும் என்கிறார்களே, உண்மையா?

மண்புழு: உண்மைதான் தம்பி. சூடோமோனாஸ் புட்டிடா மாதிரி சில இனங்கள் அந்தச் சேர்மங்களின் காபன் அணு வளையத்தில் இரண்டு ஒட்சிசன் அணுக்களை ஏற்றி, கட்டெகோல் வகைச் சேர்மமாக்கி, பிறகு வளையத்தையே உடைத்துத் தின்றுவிடும், கடைசியில் பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் தண்ணீரும்தான்.

வாவிக்கரை: ஒட்சிசன் வேணுமே! மண்ணைக் கிளறிவிடுங்கள், கொஞ்சம் நைதரசன், பொஸ்பரஸ் பசளையும் உதவும், ஆனால் கிணற்றடியில் கொட்டாதீங்க. மாரியில் நீர் தேங்கினால் வேலை மந்தம். பக்டீரியா பவுடருக்குக் காசு கரைக்காதீங்க, அநேகமாக மண்ணிலேயே இருக்கும்.

கல்லடிவாசி: சரி அண்ணே, கிணற்றுத் தண்ணி?

மண்புழு: ஆய்வுகூடத்தில் சோதிக்கும்வரை குடிக்க வேண்டாம், பென்சீன் புற்றுநோய் தரும்.