புதுப்பிப்பு: கொத்தமல்லி முளைத்துவிட்டது!

மாசியில் பாளையங்கோட்டை வீட்டின் பின்புறம் வெண்டை, கொத்தவரை, புதினா, கொத்தமல்லி போட்டதையும், கொத்தமல்லி மட்டும் முளைக்காமல் ஏமாற்றியதையும் பங்குனித் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். இப்போது சித்திரை பிறந்துவிட்டது.

முழு மல்லியை அப்படியே தூவியதுதான் என் தவறு. ஒவ்வொரு மல்லிக்குள்ளும் இரண்டு விதைகள் உண்டு. இந்த முறை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, காலை வெயில் மட்டும் விழும் வேப்பமரத்தடியில் தூவி, ஈரச் சாக்கால் மூடினேன். பத்தாம் நாள் சாக்கைத் தூக்கினால், மண்துகளைத் தலையில் சுமந்தபடி வெளிறிய முளைகள் வளைந்து நிற்கின்றன! எத்தனை நேரம் அங்கேயே குந்தியிருந்தேனோ தெரியாது. சாக்கை அன்றே எடுத்துவிட வேண்டும். இந்தச் சூட்டில் சீக்கிரம் பூத்துவிடும் என்பதால் இளசாகவே கிள்ளிக்கொள்கிறோம்.

வெண்டை பூத்திருக்கிறது. ஆனால் இரண்டு செடிகளில் இலை நரம்புகள் மஞ்சளாகிவிட்டன. வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய் அது. வந்த செடியைக் காப்பாற்ற வழியில்லை. மனம் கேட்கவில்லைதான், பிடுங்கிவிட்டேன். மற்றவற்றுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கிறேன்.

கொத்தவரைக்கு ஒரு குறையும் இல்லை. புதினாவுக்கு மேற்கு வெயில் ஆகவில்லை. அம்மா சொன்னபடி தென்னை ஓலையைச் சாய்த்து வைத்த பிறகு தளிர் விடுகிறது.

தண்ணீர் விடும் நேரம் கேட்டவருக்கு: காலை ஏழு மணிக்குள், தூரில் மட்டும். நாளை முதல் வெண்டைக்காய் பறிக்கிறேன்.