அரைஞாண் கயிற்றடியில் படர்தாமரை

செந்தில் (காலை 6:40): வசந்தா அத்தை, இடுப்பில் அரைஞாண் கயிறு படும் இடத்தில் ஒரு மாதமாக வட்டம் வட்டமாகத் தடித்து அரிக்கிறது. அம்மா அதை வண்டுகடி என்கிறார். என்ன பூசலாம்?

மாணிக்கம் சித்தப்பா (6:52): வேலியோரம் மஞ்சள் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கிறதே, அந்தச் சீமை அகத்தியை வண்டுகொல்லி என்று சும்மாவா சொன்னார்கள்? அதன் இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசித்தான் என் தொடையில் இருந்ததை ஆற்றினேன்.

வசந்தா அத்தை (7:15): வண்டு எதுவும் கடிக்கவில்லை, செந்தில், அது பூஞ்சை. ஓரம் மேடாகிச் செதில் உதிர, நடுப்பகுதி மட்டும் ஆறியதுபோல் தெளிந்திருந்தால் பெரும்பாலும் படர்தாமரைதான். தேமல் என்றால் வெளிறியோ பழுப்பாகவோ திட்டுகளாக இருக்கும். நகத்தால் சுரண்டினால் தவிடுபோல் உதிரும். தொட்டால் உணர்ச்சியே இல்லாமல் மரத்திருக்கும் திட்டுக்கு மட்டும் எந்தப் பச்சிலையும் வேண்டாம். அது தொழுநோயாகவும் இருக்கலாம் என்பதால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தம்பி சொன்ன இலையில் பூஞ்சையை அடக்கும் கிரைசோஃபானிக் அமிலம் இருப்பது உண்மையே. புதிதாக வந்த சிறு வட்டத்துக்கு வெறும் இலையை அரைத்துப் பூசிப் பார்க்கலாம். சொறிந்த தோலில் எலுமிச்சை பட்டால் எரிந்து புண்ணாகும், அதை விட்டுவிடு.

கவிதா (7:21): சேற்றுப்புண்ணுக்குப் பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டிக்கொண்டு படுத்தேன் அத்தை, விடிவதற்குள் விரலிடுக்கு முழுக்கக் கொப்பளித்துவிட்டது. முதுகில் உள்ள தேமலுக்குத் தேங்காய் எண்ணெயாவது தேய்க்கலாமா?

வசந்தா அத்தை (7:30): பச்சைப் பூண்டு தோலைச் சுட்டுவிடும். தேமலை உண்டாக்கும் பூஞ்சையோ எண்ணெய்ப் பசையைத் தின்று வளர்வது. நீ தேய்க்கும் எண்ணெய் அதற்குத்தான் விருந்தாகும். செந்தில், இந்த ஒரு மாதமாக நீ எதுவுமே பூசவில்லையா?

செந்தில் (7:34): மருந்துக் கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகப் பரவிவிட்டது.

வசந்தா அத்தை (7:48): அப்படித்தான் நினைத்தேன். டியூபின் பின்புறம் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிட்டுப் பூஞ்சையை உள்ளே வளரவிடும். வட்டத்தின் விளிம்பே அழிந்துபோய், பார்க்கிற மருத்துவருக்கும் அடையாளம் தெரியாது. இவ்வளவு பரவிய பிறகு இலை போதாது. தோல் மருத்துவரிடம் அந்த டியூபையும் எடுத்துப் போய்க் காட்டு. பூசும் மருந்து கொடுத்தால் விளிம்புக்கு வெளியே 2 செ.மீ. வரை பூச வேண்டும். தோல் தெளிந்த பின்னும் அவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

இன்னொன்று, அந்தக் கயிறு. குளித்தபின் உடம்பைத் துவட்டுகிறாயே தவிர, கயிற்றை யார் துவட்டுகிறார்கள்? நாள் முழுக்க ஈரமும் வியர்வையும் அதில்தான் ஊறிக்கிடக்கின்றன. அதைக் கழற்று, துண்டைத் தனியாக வைத்துக்கொள், உள்ளாடையை வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போடு.

செந்தில் (இரவு 8:05): கயிற்றைக் கத்தரித்துவிட்டேன் அத்தை. அதில் கோத்திருந்த தாயத்தைப் பாட்டி மஞ்சள் நீரில் கழுவிச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். புதுக் கயிறு எப்போது கட்டலாம் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.

வசந்தா அத்தை (8:09): மருந்து முடிந்து, தோல் முழுக்கத் தெளிந்த பிறகு என்று பாட்டியிடம் சொல். பழைய கயிற்றை எடுத்து வைத்திருந்தால் அதையும் எரித்துவிடச் சொல்.